வேண்டுதல் சாப்பாடு

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு திண்டிவனத்தில் குடித்தனம் வைத்தோம். என் கணவருக்கு அங்கே மல்லாட்டை மில்லில் வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். நான் கோலியனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மரக்காணத்துக் கருவாட்டுக் கூடை தெருமுனைக்கு வந்தாலே பசி எடுத்துவிடும். அப்படிப்பட்டவள் சைவத்துக்கு மாறினேன். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதையாக இது இருந்திருக்கலாம்.

முதல் வருஷமே அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். தாலி கழுத்தில் ஏறி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்ற பயத்தில், மயிலம் மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். இவர் பிழைத்தால் இந்த ஜென்மத்தில் கவிச்சி தொட மாட்டேன் என்று முருகனிடம் சொன்னேன். அவர் பிழைத்து எழுந்தார். நானும் சொன்ன சொல் தவறவில்லை.

அதன் பிறகுதான் எனக்குப் பெயர் கிடைக்க ஆரம்பித்தது. புருஷனுக்காக வாயைக் கட்டியவள் என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னார். எங்கள் பக்கம் ஒரு பெண் நன்றாகச் சாப்பிட்டால் யாரும் மெச்ச மாட்டார்கள். சாப்பிடாமல் இருந்தால் உடனே மகராசி என்பார்கள். மகராசி பட்டம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. என் கணவரோ மத்தியானம் மில்லுக்கு எதிரே இருந்த மிலிட்டரி ஓட்டலில் வழக்கம்போல வெளுத்துக்கட்டினார். வேண்டிக்கொண்டது நான்தானே!

சைவம் என்றால் எனக்கு என்ன தெரியும்? குழம்பிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டால் சைவம். அவ்வளவுதான். முட்டையையும் நிறுத்தினேன். மிச்சம் இருந்தது ரசம் சோறு, ஊறுகாய், ஒரு அப்பளம். பருப்பு அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் மட்டும். காலையில் நீராகாரம். மல்லாட்டை மில்லில் வேலை செய்பவர் வீட்டில் மல்லாட்டைக்கா பஞ்சம்? மூட்டை மூலையில் கிடந்தது. ஆனால் நான் முழுகாமல் இருந்ததும், பித்தம் ஏறும், அதைத் தொடாதே என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீட்டில் ஒரு நயினார் குடும்பம் இருந்தது. நயினார் என்றால் சமணர்கள். செஞ்சிப் பக்கத்தில் பரம்பரை பரம்பரையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அக்காவைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை. பிறவியிலிருந்தே சைவம். கிழங்கு சேர்க்க மாட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்துவிடுவார்கள். பொழுது இறங்கிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. மாறியதுதான் மாறினோம், இந்த அக்காவைப் போல ஒழுங்கான சைவமாக இருப்போமே என்று நினைத்தேன். அவர்கள் அடுப்படிக்குள் நான் போனதில்லை. கவிச்சி சமைத்த கையாயிற்றே என்று கூச்சம். கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களை மட்டும்தான் பார்த்தேன்.

அப்படியே பிடித்துக்கொண்டேன். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது. இன்னொரு பக்கம், புருஷன் சாப்பிடாமல் பெண்டாட்டி சாப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அவர் மில்லிலிருந்து வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். அவருக்குப் பரிமாறிவிட்டு ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என் ராத்திரிச் சாப்பாடு காணாமலே போனது. வயிற்றில் பிள்ளையோடு மாதக்கணக்கில் இப்படி இருந்தேன். “சாப்பிட்டியா?” என்று அக்கா கேட்பார். “ஆச்சுக்கா” என்பேன். அவரும் நம்பிவிடுவார்.

உடம்பு சொல்லத்தான் செய்தது. பச்சரிசியை வாய் நிறைய மெல்லுவேன். பலப்பத்தைக் கடிப்பேன். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றிருக்கிறேன். மசக்கை என்றார்கள். நாலு குடம் தண்ணீர் இழுத்தால் மூச்சு வாங்கியது. பிள்ளைச் சுமை என்றார்கள். முகம் வெளுத்தது. தாய்மைக் களை என்று திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வளைகாப்பு முடிந்து அம்மா என்னை ஊருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கண்ணாடி வளையல்கள் நொறுங்க விழுந்தேன். ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். ஒரு லேடி டாக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தினமும் இன்னாம்மா சாப்புடுவ?”

“கவிச்சி தொட மாட்டேங்க. முட்டை தொட மாட்டேன். கிழங்கு தொட மாட்டேன். பொழுது சாஞ்சா சாப்புட மாட்டேன்” என்றேன். அந்த நிலைமையிலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது.

“எத வுட்டன்னு நான் கேக்கல. எத சாப்புட்டன்னு கேக்குறேன்.”

“ரசஞ் சோறு, ஊறுகா” என்றேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று அம்மாவிடம் டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. என் தம்பி ஓடிவந்து ரத்தம் கொடுத்தான். அதற்குள் வலி கண்டுவிட்டது. நாள் ஆகாமலே பிறந்தாள். பெண். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தாள். அழுகை வரவில்லை, பூனைக்குட்டி போல ஒரு முனகல்தான் வந்தது. டாக்டரும் நர்சுகளும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போனபோது என் கணவர் யாரிடமும் கொடுக்காமல் அவரே துண்டில் ஏந்திக்கொண்டு போனார். எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது என் உயிர். இப்படியே விட்டால் இவளும் தேற மாட்டாள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மா சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வதக்கித் தூக்கில் கொண்டுவந்தார். ரத்தம் ஊற எங்கள் பக்கம் அதைத்தான் கொடுப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. “பெத்ததத்தான் குடுத்தாச்சே, இன்னும் இன்னாடி அந்த சாமிக்குக் குடுக்கப் போற?” என்று அம்மா வார்டே திரும்பிப் பார்க்கக் கதறினார். அவர் அழ, நான் அழ, தூக்கு அப்படியே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து நயினார் வீட்டு அக்கா வந்து நின்றார். விஷயத்தை அம்மா சொன்னார். கவிச்சி வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அக்கா என்னிடம் சொன்னதை எத்தனை பேர் நம்புவார்களோ தெரியாது. “சாப்புடும்மா. நான் வெளிய போய் நிக்கிறேன். நீ சாப்புடு. உயிர் இருந்தாத்தான் விரதம்.”

நான் தலையை ஆட்டினேன். முடியவில்லை. சாமிக்குப் பயமா, பிடிவாதமா, இவ்வளவுக்குப் பிறகு அதையும் உடைத்தால் பிள்ளை போனதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுமே என்ற தவிப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னப் பாத்தா பட்டினி கெடந்த? நாங்க வுட்டதெல்லாம் பாத்தியே, துன்றத எட்டிப் பாத்தியா? அடுத்த வூட்டுலயே இருந்துக்கினு நானும் கேக்காம போனேனே!” என்று அக்கா அழுதார். என்னைத் திட்டவில்லை.

மாத்திரையும் டானிக்குமாகக் கொஞ்சம் தேறி நான் ஊரிலிருந்து திண்டிவனம் திரும்பியதும், அக்கா தன் அடுப்படிக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் பார்த்தேன். ஊறவைத்த பயறு துணியில் முளைவிட்டிருந்தது. முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. எள்ளுப்பொடி. மல்லாட்டைத் துவையல். பருப்பும் காய்கறியும் போட்ட கெட்டிக் கூட்டு. சட்டி நிறையத் தயிர். சோறு கொஞ்சம்தான். எங்கள் வீட்டு மூலையில் கிடந்த அதே மல்லாட்டைதான் அந்த உரலிலும் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. என் கணவர் வருவதற்குள் நான் சாப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கவளமும் திருட்டுச் சோறு மாதிரி இருந்தது. அவர் வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த என் தட்டைப் பார்த்தார். தானே பரிமாறிக்கொண்டார். பாதியில் கை நின்றுவிட்டது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள், சைவத்திலேயே, திடமாக. மயிலத்துக்குச் சொன்ன சொல்லை இன்னும் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுகிறேன், யாருக்காகவும் காத்திருப்பதில்லை. யாராவது ஒரு பெண்ணைக் காட்டி, பாவம், வாயைக் கட்டி விரதம் இருக்கிறாள், மகராசி என்றால், அவளைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் என்னிடம் கேட்டதையே கேட்கிறேன். அந்த நாட்களில் என்னிடம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர், ‘என்ன சாப்பிட்ட?’ என்று ஒரே ஒருத்தர் கேட்டிருந்தாலும், இன்று என் மகளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.