மேகம் போட்டால் பாறைக்குப் போவோம்

1. என் வேலை

வீடியோ கேம் கம்பெனியில் வேலை என்று சொன்னால், "நாள் முழுக்க விளையாடறதுக்கா சம்பளம்?" என்று கேட்பார்கள். சொந்தத்தில் கேட்காத ஆளே இல்லை. நான் விளையாடியதில்லை, பாறை செய்தேன். கேமில் ஹீரோ ஓடுவான், குதிப்பான். அவன் காலுக்குக் கீழே இருக்கும் பாறை, மண், சுவர் எல்லாம் என்விரான்மென்ட் டீமின் வேலை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் எங்கள் ஸ்டூடியோவில் அந்த டீமுக்கு நான்தான் லீட். கேம் வெளிநாட்டு கிளையன்ட்டுடையது. கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் எங்கள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

நிஜப் பாறையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் கோத்து, முழுப் பாறையாக எழுப்புவோம். அதை ஸ்கேன் என்போம். வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கேமுக்குள் பொழுது சாய்ந்தாலும் அந்த நிழல் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் மேகம் போட்ட நாளில்தான் எடுக்க வேண்டும். மாமல்லபுரம் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மேகத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நாங்கள் அதற்குத் தவம் கிடந்தோம்.

வானம் பார்த்துச் சொல்வது சாமுவேல். என் டீமில் வேலை சுத்தமான ஆர்ட்டிஸ்ட். வீடு மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம். காலையில் போன் அடிப்பான்.

"யக்கா, மேகம் போட்டுகினு கீது. கெளம்பி வாங்க."

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேருவேன். கோயில் பக்கம் போகமாட்டோம், ஊருக்கு வெளியே சும்மா கிடக்கும் பாறைகள்தான். அதிலும் ஒரு தொல்லை. கல்லைப் பிளக்க ஆப்பு வைப்பதற்காக யாரோ எப்போதோ வரிசையாகக் கொத்திய குழிகள் இருக்கும். சாமுவேல் ஸ்கேனில் அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பான்.

"கேமுல மனுசன் காலே படாத பனிமலன்றான். அதுல உளி எப்டிக்கா வரும்?" என்பான்.

2. குழிகள்

ஒருமுறை கிளையன்ட், முடித்த பாறைகளோடு குழி அடைக்காத மூல ஸ்கேன்களையும் கேட்டார். கொடுத்தோம். சில மாதம் கழித்து மெயில் வந்தது. இனிமேல் பாறைகளை ஏஐ செய்துவிடும், திருத்துவதற்கு ஒரே ஒரு ஆள் போதும். கூடவே ஏஐ செய்த மாதிரிகளும் வந்தன. ஒரு குறை எழுதியிருந்தார்கள்: 'பாறைகளில் என்னவோ குழி வரிசை வருகிறது. நீக்கித் தரவும்.'

சாமுவேல் ஃபைலைத் திறந்தான். பனிமலை உச்சி. அதில் வரிசையாக ஆப்புக் குழிகள்.

"யக்கா, இது நம்மாண்ட கத்துகினது" என்றான்.

நான் நேரே மேனேஜரிடம் போனேன். "யார் வேலைய வச்சு அது கத்துகிச்சோ, அவனுக்கே வேல இல்லியா சார்?"

"காண்ட்ராக்ட்ல நாம குடுத்ததெல்லாம் அவங்களுதுமா. நா இன்னா பண்றது? இருக்கிறது ஒரு சீட்டு. லீட் நீ, நீயே இரு."

சாமுவேலுக்குக் கொடுங்கள் என்றேன். அவனே ஒத்துக்கொள்ளவில்லை.

"அதும் பின்னாடியே போயி தொடச்சிகினு இருக்க நம்மால ஆவாதுக்கா. உங்க வூட்ல ரெண்டு புள்ளைங்க படிக்குது. நீங்க இருங்க."

ஆனால் வந்திருந்த மாதிரிகளை அவன்தான் முடித்தான். எல்லாக் குழியையும் அடைத்தான். நேரமாச்சு, விடு என்றேன்.

"அரகொறயா வுட்டா நம்ம கையதான் தப்பா சொல்லுவான்."

முடித்தான், மானிட்டரை அணைத்தான், பையை எடுத்துக்கொண்டு போனான். பாத்ரூமில் போய் அழுதேன். மறுநாளிலிருந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து, குழி அடைக்கிற வேலையை நான் பார்த்தேன்.

3. போன்

சாமுவேல் இப்போது ஈசிஆர் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் கல்யாணப் போட்டோ எடுக்கிறான். ரொம்ப நாளாகப் பேச்சில்லை. போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"யக்கா, மேகம் போட்டுகினு கீது."

"எதுக்குடா? எவனும் கேக்கலியே."

"எவனும் கேக்கல. அதான் கூப்புடுறேன். வாங்க."

லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மேகம் கலையும்வரை எடுத்தோம். ஒரே ஒரு பாறை. லேப்டாப்பில் கோத்துப் பார்த்தபோது வரிசையாகக் குழிகள் தெரிந்தன. பழக்கத்தில் என் கை மவுஸுக்குப் போனது.

"வேணாங்க்கா. அது அங்கயே கெடக்கட்டும்" என்றான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எதிர்காலம் எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: கொடுத்தது திரும்பாது. கையெழுத்துப் போடும் முன் எதைக் கொடுக்கிறோம் என்று படியுங்கள். ஒரு பாறையாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாறை என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை வைத்து என்ன கேம் செய்வோம் என்று இருவருக்கும் இன்னும் தெரியவில்லை. ஃபைலுக்குப் பெயர் மட்டும் அன்றே வைத்துவிட்டோம். அவன் பெயர், பக்கத்தில் என் பெயர்.