முஜிப் ஏற்றத்தில் நின்ற கார்

மாதபாவில் என் டயர் கடையை ஒட்டித்தான் மித்கால் வைத்திருந்த பட்டறை. கார்களுக்கு ஒயரிங் வேலை செய்பவன். கை வைத்தால் சரியாகிவிடும் என்று பெயர் எடுத்திருந்தான். அந்தப் பெயரை நம்பித்தான் முஜிப் பள்ளத்தாக்குக்குத் தெற்கேயிருந்து அதல்லா தன் பழைய ஜெர்மன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி நவ்ஃபாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸுக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறி, எங்கள் ஊர் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். வழியில் திடீரென்று எஞ்சின் அணைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வரும். பட்டறைக்கு வந்தால் ஒரு குறையும் காட்டாது.

"உன்னைக் கண்டா மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குதுப்பா" என்றார் அதல்லா.

மித்கால் ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். கரண்டைத் திறந்து மூடும் ரிலேவை ஹேர் டிரையரால் சுட வைத்தான், மேலே தண்ணீர் தெளித்தான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடியது. ரிலேவை மாற்றி, எர்த் ஒயரைச் சுரண்டிப் பூட்டி அனுப்பினான். அடுத்த பயணத்திலேயே பள்ளத்தாக்கில் நின்றுவிட்டது.

"நிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் பிடிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஊருக்கே போய்த் தங்கினான். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன பல்பைக் கட்டி, தன் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் அவர்களோடு கிளம்பினான்.

பின்சீட்டில் நவ்ஃபா. "பல்பையே முறைச்சுப் பாக்குறியே தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி" என்று கிண்டல் செய்துகொண்டு வந்தாள்.

இறக்கத்தில் ஒன்றுமில்லை. ஏறும்போது, வளைவில் எஞ்சின் அணைந்தது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அப்படியானால் பெட்ரோல் பக்கம் குறையில்லை! மித்கால் குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கல்லைப் போட்டான். பானெட்டைத் திறந்து ஒரு பிளக் ஒயரைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை சுத்துங்க" என்றான். மோட்டார் சுற்றியது, பொறி வரவில்லை.

"போதும்! இனி சாவியைத் தொடாதீங்க அண்ணே! அப்படியே செத்துக் கிடக்கட்டும்!"

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டால் பாதிக் குறை அகப்பட்டுவிடும். டெஸ்ட் லாம்பை எடுக்கப் போனவன் காதில் நவ்ஃபா மூச்சுக்குத் திணறும் சத்தம் விழுந்தது. திரும்பினான். அவள் உதடு வெளுத்திருந்தது. பேச முடியாமல், மேலே ஏறும் சாலையைக் கையால் காட்டினாள்.

"தம்பி, இவளைப் பாருப்பா..." என்றார் அதல்லா.

ஒயரை மாட்டி பானெட்டைச் சாத்தினான் மித்கால். "போடுங்க" என்றான்.

ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது போல ஏறியது.

மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டுப் பட்டறைக்கு வந்தவன் என்னிடம், "குறை கையில இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றான். காயிலை மாற்றினான், சென்சாரை மாற்றினான், எல்லாம் குருட்டாம்போக்கில்தான். மறுபடியும் அதே பள்ளத்தாக்கில் நின்றது. மறுபடியும் கூடப் போனான். அவன் காரில் இருந்தவரை நிற்கவேயில்லை.

கடைசியில் அதல்லாவை உட்கார வைத்து, "என்னால முடியல அண்ணே. இதுல அக்காவ ஏத்தாதீங்க" என்றான்.

"வேற எதுல ஏத்துறது?" என்று கேட்டார் அவர். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரியாமல்தான் கேட்டார்.

ஊரில் வளர்த்த ஆடுகளை விற்றுவிட்டுக் கணவனும் மனைவியும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தார்கள். நவ்ஃபாவுக்கு அந்த அறையில் மனம் ஒட்டவில்லை. மித்கால் பழம் வாங்கிக்கொண்டு போனபோது, "சன்னலைத் திறந்தா சுவர்தான் தம்பி தெரியுது" என்றாளாம்.

கார் அவன் பட்டறையில்தான் நிற்கிறது. வேலையில்லாத மதியங்களில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடுகிறான். அது ஓடிக்கொண்டே இருக்கிறது.