தொடையில் எழுதிய நேரம்

அன்று மந்தைவெளிப் பக்கம் கால்வாயோரச் சாலையில் இருந்தவர்கள்: நான், எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன், அடிபட்டுக் கிடந்த சகோதரர்கள் இருவர், அவர்களுடைய தாய்மாமன், அவர் பின்னால் ஒரு நாற்பது ஐம்பது பேர். இல்லாதவர்கள்: பைக்கை இடித்துவிட்டு லாரியிலிருந்து குதித்து ஓடியவர், போலீஸ், அடுத்த ஆம்புலன்ஸ். அது மேற்கு மாம்பலத்தில் ஒரு பிரசவ கேஸில் மாட்டியிருந்தது.

நாங்களும் தாமதம்தான். தி.நகரில் ஒருவரை இறக்கிவிட்டு, கூட்டத்துக்குள் ஊர்ந்து வந்திருந்தோம். கதவைத் திறக்கும்போதே மாமன் என் சட்டையைப் பிடித்தார்.

"இன்னா நைனா, போன் பண்ணி முக்கா மணி ஆவுது. சாமி ஊர்வலமா வர்ற?"

சட்டையை விடுவித்துக்கொண்டு குனிந்தேன். மூத்தவனின் மார்பு உள்ளே இறங்கியிருந்தது. நாடி இல்லை. கண்ணில் டார்ச் அடித்தேன், பாவை அசையவில்லை. இளையவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. தொடையில் பட்டையைச் சுற்றி ரத்தம் நிற்கும்வரை இறுக்கினேன். இறுக்கிய நேரத்தை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பது எங்கள் வேலை முறை. 4.10 என்று மார்க்கரில் எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்குள் பட்டையை டாக்டர் அவிழ்த்தால் கால் பெரும்பாலும் பிழைக்கும். அதற்கு மேல் போனால் யாரும் உறுதி சொல்ல முடியாது.

டிரைவர் அண்ணன் என் காதருகே வந்தார்.

"தம்பி, வாயத் தொறக்காத. மூத்தவனுக்கு ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டு. ரெண்டு பேரையும் ஏத்து. மீதிய டாக்டர் சொல்லட்டும்."

பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நான் செய்யவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததைப் படித்தபடி செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இருந்தது. இறந்தவரை எங்கள் வண்டியில் ஏற்றக் கூடாது, போலீஸ் வர வேண்டும், அமரர் ஊர்தி வர வேண்டும். அதைச் சத்தமாகவே சொன்னேன்.

"இவரு போயிட்டாருண்ணா. பாடிய ஏத்தக் கூடாது. தம்பிய மட்டும் தூக்குவோம்."

"பாடியா?" என்றார் மாமன். "நேத்து எங்கூட உக்காந்து சோறு துன்னவன்டா. இன்னாத்த படிச்சிட்டு வந்து பாடின்ற?"

யாரோ ஹெல்மெட்டால் என் வாயில் அடித்தார்கள். முன்பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள், செருப்புக் காலோடு. தடுக்க வந்த டிரைவர் அண்ணனைக் காலரைப் பிடித்து இழுத்து வண்டியிலேயே மோதினார்கள். அவர் புருவம் கிழிந்து கண் மூடிக்கொண்டது. ஒரு பெண் நடைபாதைக் கல்லைத் தூக்கி முன்கண்ணாடியில் போட்டாள். அது முதலில் உடையவில்லை. எடுத்து இன்னொரு முறை போட்டாள்.

"மாமா, வலிக்குது மாமா," என்று இளையவன் தரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"அண்ணன வுட்டுட்டு நீ மட்டும் போவியாடா?" என்றார் மாமன் அழுதபடி. "ரெண்டு பேரும் சேந்து போங்க. இல்லாங்காட்டி இந்த வண்டி நகராது."

வண்டிச் சாவியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்ததும் அவர்தான். கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் அதை வாங்கிக்கொண்டது. ரத்தத்தைத் துப்பிவிட்டு நான் அவர் காலைப் பிடித்தேன். "ரெண்டு பேரையும் ஏத்திக்கிறேண்ணா" என்றேன். சாவி போன பிறகு சொல்லி என்ன பயன்? ஒரு ஆட்டோவை மறித்தேன். உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு அது வளைத்துக்கொண்டு போய்விட்டது.

போலீஸ் வந்தபோது ஐந்து மணி. அவர்கள் ஜீப்பில் தம்பியை மட்டும் ஏற்றவும் கூட்டம் விடவில்லை. மாம்பலத்து வண்டி வந்தபோது ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது. மாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் என் எழுத்தைப் படித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பது. இளையவனை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார்.

மாமன் பதினொரு நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு வார்டு வராந்தாவில் பார்த்தேன். என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த மாஸ்க்க சும்மானா மாட்டிருக்கலாமே தம்பி," என்றார்.

"மாட்டிருக்கலாம்," என்றேன்.

வண்டிக்கு நஷ்டஈடாக இருபத்தாறாயிரம், ஜாமீனுக்கு வக்கீல் வாங்கியது பதினைந்தாயிரம், ஆக நாற்பத்தோராயிரம் ரூபாய் அந்தக் குடும்பம் கட்டியது. அதோடு இளையவனின் இடது கால், நான் எழுதிய எண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டி எடுத்தது.