கண்ணாடி மறந்த கமிட்டியும் கமலாக்ஷியின் டிரங்குப் பெட்டியும்

மட்டாஞ்சேரியில் ஐந்து தமிழ் வீடுகள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கிய காலம் அது. ரயிலில் எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து போட்டில் காயலைக் கடந்து, உப்புக் காற்றில் கொஞ்சம் நமுத்துப்போய் அது சனிக்கிழமை வந்து சேரும். வீடு வீடாகச் சுற்றும். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்பதற்குத் திட்டமான முறை உண்டு.

முதல் முறை வெங்கிடராமன் வீட்டுக்கு. அவர் மிளகுக் கம்பெனியில் ஹெட் கிளார்க். தவிர, சமூகத்தின் காரியதரிசி. சமூகம் என்றால் அந்தத் தெருப் பிராமணர்களின் சங்கம். ஒரு கூடம், ஒரு கண்ணாடி அலமாரி, எண்ணிக்கையில்லாத தீர்மானங்கள், இவையே அதன் சொத்து. அவருடைய தங்கை கமலாக்ஷி ஒருநாள், "அண்ணா, நமக்குக் கடைசி முறை போரும். மத்தவா முதல்லே வாசிக்கட்டும்" என்றாள். தெருவே மெச்சியது. என்ன அடக்கம், என்ன விட்டுக்கொடுக்கும் குணம்!

அடக்கமாவது, மண்ணாவது. கடைசியாக வாசிக்கிற வீட்டுக்குத்தான் பத்திரிகை சொந்தம். அவ்வளவுதான் விஷயம்.

கமலாக்ஷி கொண்டை ஊசியால் பத்திரிகையின் கம்பியை நிமிர்த்தி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுப்பாள். மிச்சம் பலசரக்குக் கடைக்கு. தொடர்கதை முடிந்ததும் எல்லா வாரத்தையும் அடுக்கி பைண்டர் நூர் முகம்மதுவிடம் கொடுப்பாள். அவர் குடைக்காரர்களிடம் மிஞ்சும் கறுப்புத் துணியை அட்டைமேல் ஒட்டித் தைத்துக் கொடுப்பார். "மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும், வாசிக்கவும் ஆகும்மா" என்பார். முதுகில் ஒரு சீட்டு; அதில் தமிழில் கதையின் பெயர்.

கடைசி முறைக்குக் கமலாக்ஷி கொடுத்த விலை ஒன்றுண்டு. நாலு வீடும் வாசித்து, நாலு வீடும் பேசித் தீர்த்த பிறகுதான் கதை அவளிடம் வரும். குளத்தங்கரையில் யாராவது வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். "பறையாதீங்கோ! எனக்கு இன்னும் வரலை!"

எல்லாத் தொடர்கதையையும் அவள் சேர்க்கவில்லை. ராஜா, குதிரை, வாள்சண்டை எல்லாம் கடலை மடிக்கப் போகும். துப்பறியும் ஆசாமிகளும் அப்படியே. பதினாலிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஒரு பெண் நடுவில் நிற்க வேண்டும். அப்படியானால்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியில் இடம். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். டியூஷன் வாத்தியாரைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள். அப்பாவின் சிநேகிதருக்கே வாழ்க்கைப்பட்டவள். குதித்தவள். குதிக்கப் போய்த் திரும்பி வந்து சாதம் கேட்டவள்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று யாரும் கேட்கவில்லை. அவளை யாருமே எதையும் கேட்டதில்லை. பதிமூன்று வயதில் பாலக்காட்டுப் பக்கம் கல்யாணம் செய்து அனுப்பினார்கள். பதினைந்தில் ஒரு துணி மூட்டையோடு தனியாகத் திரும்பி வந்தாள். வாசலில் நின்றவளை அம்மா உள்ளே விட்டாள், வெந்நீர் போட்டாள், சாதம் போட்டாள். ஏன் வந்தாய், அங்கே என்ன நடந்தது, முதுகில் என்ன காயம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர் மரியாதை. பத்து வருஷம் கழித்து ஒரு தொடர்கதையில் அதேபோல ஒரு பெண் மூட்டையோடு வாசலுக்கு வந்தாள். கதையில் வந்த அம்மா, "என்னடி பண்ணினான்?" என்று கேட்டாள். அந்த வாரப் பக்கங்களைத்தான் கமலாக்ஷி முதன்முதலாக உருவி எடுத்தது.

தெருப் பெண்குட்டிகளுக்கு இந்தப் பெட்டியின் வாசனை எட்டியது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் படித்தது மலையாளம். தமிழ் நாக்கில் உண்டு, கண்ணில் கிடையாது. கமலாக்ஷி யாருக்கும் ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களே சினிமா நோட்டீசையும் காப்பிப்பொடிப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். கதை வேண்டும் என்கிற வெறி ஒரு மழைக்காலத்துக்குள் அவர்களைத் தமிழ் வாசிக்க வைத்துவிட்டது. கமலாக்ஷி போட்ட சட்டங்கள் இரண்டே: கை அலம்பிவிட்டுத் தொட வேண்டும், முடிவை வாசிக்காதவளிடம் சொல்லக் கூடாது.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியம், நீலகண்டனின் மூத்த பெண் ஸ்வர்ணலதாவைப் பெண் பார்க்க வந்த அன்று கெட்டது. நீலகண்டன் சமூகத்தின் தலைவர். எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலின் குமாஸ்தா. ஸ்வர்ணலதாவுக்குப் பதினேழு. வந்தவருக்கு நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயது, எஸ்டேட் மானேஜர், இரண்டாம் தாரம். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய பெண் போகவில்லை.

"ஒரு காரியம் கேக்கட்டுமா?" என்றாள். "உங்க மூத்த தாரம் எதிலே போனா?"

மாப்பிள்ளை காப்பியைப் பார்த்தார். அவருடைய அம்மா, "ஜ்வரம்" என்றாள். அதே நேரத்தில் அவருடைய மாமா, "கிணத்தடியிலே கால் வழுக்கி" என்றார்.

ஒரே நொடியில் ஒரு பெண் இரண்டு விதமாகச் செத்தாள். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். வந்தவர்கள் சொஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நீலகண்டன் பெண்ணின் கன்னத்தில் அறைந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, அந்த மூத்தவளைப் பற்றியது அல்ல. "இதை உனக்கு ஆருடி சொல்லித் தந்தா?"

அவர் சின்னப் பெண் அம்மிணி, பதினாலு வயது, பயத்தில் உளறிவிட்டாள். "கமலு அக்கா பெட்டியிலே 'நனையாத புடவை'ன்னு ஒரு கதை. அதிலே அவள் இப்படித்தான் கேப்பாளாம்."

சமூகம் கூடியது. தெருவில் சாக்கடை நாறிக் கிடந்தும் மூன்று வருஷம் கூடாத சமூகம் அது. புத்தகங்களைப் பரிசோதிக்க மூன்று பேர் கமிட்டி: நீலகண்டன், வெங்கிடராமன், பாங்கியில் வேலை பார்க்கும் பிச்சுமணி. பெட்டியைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்கள். தங்கையின் பெட்டியை வெங்கிடராமனே ஒரு பக்கம் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, நீலகண்டன் 'நனையாத புடவை'யை எடுத்துப் பிரித்தார். முகத்தைச் சுளித்தார். நீட்டிப் பிடித்தார். "என் கண்ணாடி ஆத்திலே மறந்துட்டேன். வெங்கிடா, நீர் வாசியும்."

வெங்கிடராமன் வாங்கிப் பார்த்தார். "அச்சு ரொம்பப் பொடி. பிச்சுமணி, ஓமக்குக் கண்ணு நன்னாருக்கே."

"எனக்கோ? புரை விழுந்துண்டிருக்கு ஓய்!" என்றார் பிச்சுமணி. அவருக்கு முப்பத்தைந்து வயது.

அந்த ரகசியம் தெருவில் பல்லிக்குக்கூடத் தெரியும். மேடையேறினால் 'நம்ம பாஷை, நம்ம பாஷை' என்று மாரடித்துக்கொள்ளும் இந்த மூவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் மலையாளம், ஆபீஸ் இங்கிலீஷ், தமிழ் வீட்டில் பெண்டாட்டியை அதட்டுவதற்கு மட்டும். கமலாக்ஷியை வாசிக்கச் சொல்லலாம். கெட்ட இடத்தைத் தாண்டிவிடுவாள். ஸ்வர்ணலதாவும் அப்படியே. நீலகண்டன் யோசித்தார்.

"அம்மிணி வாசிக்கட்டும். எழுத்துக் கூட்டுவாள், மத்தபடி ஒண்ணும் அறியாத குட்டி. அவளுக்கு அர்த்தம் மனசிலாகாது, நாம கேட்டால் மதி, அது போரும்."

பெண்குட்டிகள் வாசிக்கத் தகுமா என்று தீர்மானிக்க, இருப்பதிலேயே சின்னப் பெண்குட்டியைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னார்கள். கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அம்மிணி கை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தங்குதடையில்லாமல் வாசித்தாள். பக்கம் திரும்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்து வார்த்தை அவள் வாயில் வந்துவிட்டது. ஒண்ணும் அறியாத குட்டி அதைத் தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கிறாள் என்பது கதவுக்குப் பின்னால் நின்ற கமலாக்ஷிக்கு மட்டும் புரிந்தது.

கதை இது: பதினைந்து வயதுப் பெண். அவள் அக்கா கிணற்றில் விழுந்து செத்ததாகச் சொல்கிறார்கள். அதே அத்திம்பேருக்கு இவளைக் கொடுக்க ஏற்பாடு. பிணத்தைக் குளிப்பாட்டிய கிழவி ஒருத்தி, புடவை நனையவே இல்லை என்று ஒருநாள் சொல்லிவிடுகிறாள்.

"சீ! நிறுத்து!" என்றார் நீலகண்டன். அம்மிணி நிறுத்தினாள். புத்தகத்தை மூடப் போனாள்.

"அப்பறம்?" என்றார் பிச்சுமணி.

"என்ன ஓய் அப்பறம்?"

"இல்லை, பரிசோதனைன்னா முழுக்கப் பரிசோதிக்கணுமே. அந்தக் கிழவியை அவன் சும்மா விட்டானா?"

மூன்று ஞாயிறு பரிசோதித்தார்கள். இரண்டாவது ஞாயிறு பின்கட்டில் தெருப் பெண்கள் எல்லாரும் வடாம் இடும் சாக்கில் வந்து கூடிவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு வெங்கிடராமன் மூக்கை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார், ஜலதோஷம் என்றார். கதை முடிந்ததும் பிச்சுமணி, "இதுக்கு ரெண்டாம் பாகம் உண்டா?" என்று கேட்டு, நீலகண்டன் முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கமலாக்ஷி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அந்தக் கூடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"கதையிலே குட்டி கேட்டதைத்தான் ஸ்வர்ணமும் கேட்டா. அம்மா ஜ்வரம்னா, மாமா கிணறுன்னார். ரெண்டிலே எதுன்னு நீங்க ஆராவது விசாரிச்சேளா?"

நீலகண்டன் தொண்டையைச் செருமினார். "அது அஜெண்டாவிலே இல்லை."

"செத்துப்போனவள் அஜெண்டாவிலே இல்லை. காகிதம் இருக்கு, இல்லையா?"

"கமலு, உள்ளே போ" என்றார் அண்ணா.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூன்று வாரம் வாயைப் பிளந்து கேட்ட கதையை ஒழித்துவிட வேண்டும். கூட இருந்த, கேட்காத கதைகளையும். எரிக்கலாம் என்றால் காகிதம் சரஸ்வதி, பாவம். ஆகவே அமாவாசை அன்று காயலில் விட்டுவிடுவது. அதுவரை பெட்டி கூடத்திலேயே இருக்கும். கமலாக்ஷியை நம்ப முடியாது.

நம்பக் கூடாது என்பது சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் கூடத்தைப் பெருக்கி மெழுகுவது கமலாக்ஷி என்பதை மூன்று பேரும் மறந்துபோனார்கள். பெருக்குகிறவள் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. பெட்டிச் சாவியும் கண்ணாடி அலமாரிச் சாவியும் காரியதரிசி வீட்டு ஆணியில்தான் தொங்கின.

அலமாரியில் இருந்தவை கும்பகோணத்துத் தனவான் ஒருவர் தானம் செய்த தமிழ்ப் புராணங்கள். வருஷத்துக்கொரு முறை பூப்போடுவதோடு சரி, யாரும் பிரித்ததில்லை. கறையான் அரித்த அவற்றையும் இரண்டு வருஷம் முன்பு நூர் முகம்மதுதான் கட்டிக் கொடுத்தார். அதே குடைத் துணி. அதே மாதிரிச் சீட்டு.

அந்த வெள்ளிக்கிழமை கூடம் வழக்கத்தைவிட நன்றாகப் பெருக்கப்பட்டது. புராணங்கள் பெட்டிக்குள் போயின. பெண்குட்டிகளின் கதைகள் அலமாரிக்குள் ஏறின.

அமாவாசை அன்று படகுத் துறையில் நீலகண்டன் பெட்டியைத் திறந்து, கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க ஒன்றை எடுத்துப் பிரித்தார். அம்பாள் காட்டில் தவம் செய்யும் படம், மங்கலான அச்சு. "பாரும் ஓய்! காட்டிலே ஒரு பெண்குட்டி ஒத்தைக்கு, தலையை விரிச்சுண்டு! இதையாக்கும் நம்ம குட்டிகள் வாசிக்கறது!" என்று காறித் துப்பித் தண்ணீரில் வீசினார். தான் விரும்பியவனை அடைய வீட்டை விட்டுப் போனவள்தானே அவளும். ஒருவிதத்தில் அவர் சொன்னதில் தப்பில்லை. புராணங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின.

அதே மாதம் எஸ்டேட் மானேஜருக்கு வேறு ஊரில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குப் பதினாறு வயதாம். அவள் ஏதாவது கேட்டாளா என்று தெரியவில்லை. கேட்கிறமாதிரி அவளுக்கு யாரும் வாசிக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நவராத்திரி வந்தது. அலமாரிப் புத்தகங்களை எடுத்துப் பலகையில் அடுக்கி, சந்தனம் தெளித்து, துளசியும் செம்பருத்தியும் சார்த்தினார்கள். மூன்று பேரும் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தார்கள். விஜயதசமி காலையில் புத்தகங்களைப் பூஜையிலிருந்து எடுத்ததும், ஒன்றைப் பிரித்து நாலு வரி வாசிப்பது வழக்கம். நீலகண்டன் மேலிருந்ததை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மடியைத் தடவினார்.

"கண்ணாடி மறந்துட்டேன். அம்மிணி, நீ வாசி."

அம்மிணி வாங்கிச் சீட்டைப் பார்த்தாள். கமலாக்ஷியைப் பார்த்தாள். கமலாக்ஷி தலையசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று கையைக் காட்டவும் இல்லை. குட்டி பிரித்தாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்:

"'நீங்கள் எல்லாரும் பெரியவர்கள். எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். என் அக்கா எதில் செத்தாள்?'"

நீலகண்டனின் முகம் மெல்ல வெளுத்தது. காயலில் எதைத் துப்பி எறிந்தோம் என்பது அவருக்குள் இறங்குவதைப் பார்க்க முடிந்தது. சத்தம் போடலாம். போட்டால், அன்று படகுத் துறையில் பிரித்துப் பார்த்தது யார், எப்படித் தெரியாமல் போயிற்று என்று தெருவே கேட்கும். வெங்கிடராமன் தரையைப் பார்த்தார். பிச்சுமணி மெதுவாக, "பகவதீ" என்றார்.

பின்கட்டில் ஸ்வர்ணலதா எழுந்து நின்றாள். ஒவ்வொருத்தியாக எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள். பதிலுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல.

"புராணம்... நன்னாருக்கு" என்றார் நீலகண்டன். "உள்ளே வை."

கமலாக்ஷி புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை அண்ணா நீட்டிய கையில் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்தாள்.