செல்வி அக்காவின் நெட்டு

இன்று காலை ஜெகதாப்பட்டினத்தில் மீன் வாங்கப் போனேன். மீன் விற்கும் செல்வி அக்கா நிம்மதியாக இருந்தார்.

"இலங்கை நேவி நம்ம போட்டு எதையும் புடிக்கலயாம் தம்பி. நெட்டுல பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல."

அவர் நெட்டு என்றது, ரீசார்ஜ் கடையில் போட்டுக் கொடுத்த இலவச டேட்டா பேக்கை. அதில் அந்த சிம் கம்பெனியின் செய்தி ஆப் மட்டும்தான் திறக்கும்.

மீனவர் சங்கத்தின் பக்கத்தை என் போனில் காட்டினேன். நேற்று பிடிபட்ட மூன்று படகுகளின் எண்கள் இருந்தன.

"ஒங்க நெட்டுல மட்டும் வேற கடலா இருக்கு?" என்று சிரித்தபடி விரல் வைத்துப் படித்தார்.

இரண்டாவது எண்ணில் விரல் நின்றுவிட்டது. அவர் வீட்டுக்காரர் போன படகு.

அக்காவின் போனில் இந்த நிமிடம் வரை எந்தப் படகும் பிடிபடவில்லை.

உங்கள் போனில் என்னென்ன இன்னும் நடக்கவில்லை?