மலை முளைத்த தெரு

எங்கள் தெருவில் மலை கிடையாது. புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் மலை என்று ஒன்று கிடையாது. ஊருக்கு வெளியே இருக்கிற செம்மண் மேட்டில் சைக்கிளை மிதித்து ஏறி மூச்சு வாங்குவதோடு எங்கள் மலையேற்றம் முடிந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே பஸ் ஸ்டாண்டு, நடுவில் பாய் விரித்தது போல் தட்டையாகப் படுத்திருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் போன ஐப்பசி மாதம், எங்கள் தெருக்கோடியில், பச்சைப் பசேலென்று ஒரு மலை முளைத்தது. ஊரே பார்த்தது. அது அங்கே என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மலைக்கு முன்னால் முதலை வந்தது. முதலைக்கு முன்னால் முசியே.

முசியே எங்கள் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பாரீசில் இருக்கிற மகள் அவருக்கு ஒரு புது போன் அனுப்பினாள். வாயால் சொன்னால் படம் போட்டுத் தருகிற வித்தை அதில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் தெரு வாட்ஸப் குழுவுக்குப் பொழுது விடிவதே அவர் படங்களோடுதான். எங்கள் தெருவில் பனி பெய்யும். என் ஸ்கூட்டர் வெள்ளைக் குதிரையாகி லாயத்தில் நிற்கும். முச்சந்தியில் குப்பை மேய்கிற மாடு தலையில் பெரே தொப்பி வைத்துக்கொண்டு காப்பி குடிக்கும். குழுவை நடத்துகிற கட்சிக்காரர், அதாவது எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இந்தத் தெருவில் வலது கையாக இருப்பவர், ஒரு நாள் கிரீடம் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் வந்தார். முசியே கேலிக்குத்தான் செய்தார். கட்சிக்காரர் அதைத் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டுவிட்டார். இன்னும் மாற்றவில்லை.

புரட்டாசியில் ஒரு தூறல் விழுந்து தெருவின் தாழ்ந்த பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது. முசியேவுக்குக் கை அரித்திருக்க வேண்டும். மறுநாள் காலை வணக்கத்தில், எங்கள் டீக்கடைக்கு எதிரே, வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை. 'தெருவில் இறங்குவோர் கவனத்திற்கு' என்று ஒரு வரி. சிரித்தோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம். முதலை மட்டும் நிற்காமல் நடந்துபோய்க்கொண்டே இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைத் தூக்கி, 'இதுதான் ஆட்சியின் லட்சணம்' என்று போட்டார்கள். கதிர்காமத்திலிருந்து என் சித்தி போன் செய்து, "மொதலைய புடிச்சிட்டாங்களாடா? புள்ளைங்கள வெளிய வுடாதீங்க" என்றார். எம்.எல்.ஏ. பக்கத்திலிருந்து சூடாக மறுப்பு வந்தது. கட்சிக்காரர் அதைக் குழுவின் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டினார்: நமது தெருவில் தண்ணீர் தேங்குவதாக வரும் படங்கள் அனைத்தும் ஏ.ஐ. மூலம் செய்யப்பட்ட போலி. யாரும் நம்ப வேண்டாம்.

முதலை பொய். சரி. ஆனால் முதலையோடு சேர்ந்து தண்ணீரும் பொய்யாகிப் போனது.

ஐப்பசியில் நிஜ மழை வந்தது. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பு என்ற நாகரிகமெல்லாம் கிடையாது. கடலிலிருந்து நேராக எழுந்து வந்து கதவைத் தள்ளும். தாழ்ந்த கோடியில் இருப்பது தையல்கார அக்கா வீடு. முன்னறைதான் கடை. சுவர் நீளத்துக்குத் தீபாவளி ரவிக்கைகள் தொங்கும். கிளிப்பச்சை, ராமர்நீலம், மாம்பழ மஞ்சள். கீழே தையல் மிஷின்கள். அவற்றின் மோட்டார்கள் தரையை ஒட்டி, நாய்க்குட்டிகள் மாதிரி மேஜைக்கடியில் படுத்திருக்கும். பக்கத்து வாய்க்கால் அடைத்துக்கொண்டதால் தெருத் தண்ணீர் முழுக்க அக்காவின் படியேறி உள்ளே வந்தது. மிஷின்களைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு, வெட்டுகிற மேஜை மேல் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார் அக்கா. மோட்டாருக்கு ஒரு சாண் கீழே வந்து தண்ணீர் நின்றது.

"இன்னொரு மழ வந்துதுன்னா மோட்டாரும் போச்சு, தீவாளியும் போச்சு தம்பி" என்றார். "வாய்க்காவ தோண்டிட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

நான் படம் எடுத்தேன். தண்ணீரில் தலைகீழாக ஆடிய ரவிக்கைகள் அவ்வளவு அழகாக இருந்ததில் எனக்கே சங்கடம். குழுவில் போட்டேன். மூச்சு விடுவதற்குள் கட்சிக்காரரின் பதில்: 'ஏ.ஐ.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

கட்டைவிரல் காட்டியவர்களில் ஒருவர் மேட்டுப்பக்கத்து வீட்டுக்காரர். மறுநாள் காலை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கெண்டைக்கால் மூழ்க, பால் பாக்கெட்டோடு எதிரே வந்தார்.

"இன்னா சார், எடிட் பண்ணி வுட்டுட்டீங்களா? அம்மாம் தண்ணியா கீது?"

"நீங்க எதுல நிக்கறீங்கன்னு குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இது இல்ல சார். நான் போட்டோவுல இருக்கற தண்ணிய சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு, சளக் சளக்கென்று நடந்து போனார்.

அக்காவும் நானும் வாய்க்கால் வேலை பார்க்கிற அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். என் படத்தைப் பார்த்ததும் தன் போனை எடுத்து முதலையைக் காட்டினார்.

"இதுவும் உங்க தெருதானே மேடம்?"

"அது வெளாட்டுக்கு போட்டது சார். இது எங்க வூடு."

"புரியுது மேடம். ஆனா அங்க தண்ணி நிக்கலன்னு மறுப்பு வந்திருக்கே. மறுப்பு வந்த எடத்துல நான் ஆள எறக்கனா, மறுப்பு தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

திரும்பி வருகிற வழி முழுக்க அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தென்கிழக்கில் கறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குள் நுழைந்தவர், தன் வீட்டுக்குப் போகாமல் நேராக முசியே வீட்டுக் கதவைத் தட்டினார்.

"முசியே, உங்க மொதல என் மோட்டார தின்னப் போவுது. வந்து புடிச்சுக்கினு போங்க."

"மதாம்... நான் சும்மா சிரிக்கத்தான்..."

"சிரிச்சாச்சு. இப்ப நான் அழுவறதுக்கு முன்னாடி எதுனா பண்ணுங்க."

முசியே செருப்பை மாட்டினார். நேராகக் கட்சிக்காரரிடம் போய், முதலையை நான்தான் செய்தேன், தண்ணீர் நிஜம் என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன் என்றார். ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டு வந்தவர்தான். 'உங்களுக்கு வயசாயிடுச்சு முசியே' என்று கட்சிக்காரர் தோளைத் தட்டி அனுப்பியிருந்தார். "அலோர், அப்ப வேற இன்னா வழி?" என்று கையை விரித்தார்.

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அளவெடுக்கும்போதும் அப்படித்தான் நிற்பார்.

"யாரு படத்த போட்டா அவனுங்க பொய்ன்னு சொல்ல மாட்டானுங்க?"

நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

"எம்மெல்லேவ தண்ணியில எறக்குங்க முசியே. என் வூட்டு வாசல்ல."

"அக்கா, அதுவும் பொய்தானே?" என்றேன்.

"தம்பி, நெசத்த கையில எடுத்துக்கினு எங்கெங்க போனோம்? நீயுந்தானே கூட வந்த?"

முசியே போனை வாயருகே பிடித்துக்கொண்டு, பட்டாளத்துக்கு உத்தரவு போடுகிற குரலில் சொல்லச் சொல்ல, படம் எழுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நடுவில் எம்.எல்.ஏ.; மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தோளில் தையல் மிஷின். பத்து வயது குறைந்திருந்தார். வாசலில் ஒரு பெண்மணி, அக்கா ஜாடை, அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கைகூப்பியபடி கண் கலங்கி நிற்கிறாள். பின்னால், டீக்கடைக்கு மேலே, மேகம் தழுவிய ஒரு மலை.

"முசியே, மலை எதுக்கு?"

"நான் கேக்கல தம்பி. அதுவா வெச்சிடுச்சு. எடுத்துடவா?"

"நேரம் போவுது, அனுப்புங்க" என்றார் அக்கா. பிறகு படத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "நான் எதுக்கு கும்புடறேன்?" என்றார் மெதுவாக. முசியேவின் விரல் அதற்குள் அழுத்தியிருந்தது.

கட்சிக்காரர் படத்தைப் பார்த்த அந்த நிமிஷத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் விளைவுகள்தான். 'களத்தில் எங்கள் தலைவர்! ஏழைத் தாயின் கண்ணீர் துடைத்த கரம்!' முதலை நடந்துதான் போனது, இது பறந்தது. பாட்டு சேர்த்தார்கள். யாரோ அக்காவின் கண்ணீரை மட்டும் பெரிதாக்கிச் சொட்டச் சொட்ட ஓடவிட்டார்கள். எம்.எல்.ஏ. அன்று உறவினர் கல்யாணத்துக்காகச் சென்னையில் இருந்தார் என்பது டீக்கடைக்கே தெரியும். அதே டீக்கடையில், "மனுஷன் கல்யாணத்த பாதியில வுட்டுட்டு வந்துருக்காருப்பா" என்று ஒருவர் உருகினார். கைலிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், எவ்ளோ தண்ணி! நோணாங்குப்பம் டூரிஸ்ட் போட்ட இங்க கொண்டாந்து வுடலாம். நீங்க போட்டீங்களே ஒரு போட்டோ, அதுல பாதி கூட இல்ல."

தலைவர் இறங்கிய தண்ணீர் பொய்யாக இருக்க முடியாதல்லவா. மறுநாள் காலையிலேயே ஜே.சி.பி. வந்துவிட்டது.

வாய்க்காலின் மேல்பலகையைப் பெயர்த்ததும் அடைப்பு தெரிந்தது. இளநீர் மட்டை இருக்கும், கட்டட மண் இருக்கும் என்று நினைத்தோம். இயந்திரத்தின் கை உள்ளே போய், கறுப்பாக, தோல் மாதிரி எதையோ இழுத்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பேனர்கள். காற்றிலும் மழையிலும் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு, வருஷக் கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்ப் படிந்த ஃபிளக்ஸ் பேனர்கள். தெருவில் விரித்துப் போடப் போட முகங்கள் வெளியே வந்தன. காதுகுத்து விழாக் குழந்தை ஒன்று, கன்னத்தில் சேறோடு சிரித்தது. மணமக்கள். கண்ணீர் அஞ்சலியில் கண் மூடாத ஒரு பெரியவர். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வாழ்த்தும் மாமன்மார்கள். அவர்களுக்கு நடுவில், நான்காக மடிந்து, விரல் நீட்டிச் சிரித்துக்கொண்டு, எங்கள் எம்.எல்.ஏ. ஒரு பிறந்தநாள் அல்ல, பல பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் கட்சிக்காரர், பாஸ்போர்ட் அளவில், கும்பிட்டபடி.

கட்சிக்காரர் ஓடிவந்து தலைவர் முகத்தின் மேல் இளநீர் மட்டைகளை அள்ளிப் போட்டார். "போட்டோ எடுக்காதீங்க, யாரும் போட்டோ எடுக்காதீங்க" என்றார். யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் யார் நம்பப்போகிறார்கள்?

சாயங்காலம், வேலை முடிந்த இடத்தைப் பார்வையிட நிஜ எம்.எல்.ஏ. நிஜமாகவே வந்தார். பத்து வயது கூடியிருந்தது. மூட்டு வலியோ என்னவோ, காரிலிருந்து இறங்க ஒருவர் கை கொடுத்தார். எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தும் போனது. படம் எடுக்க வந்தவர் அக்காவைத் தேடினார்.

"யம்மா, அந்தப் பட்டுப்பொடவைய கட்டிக்கினு வாங்க. அன்னிக்கு நின்னீங்களே, அதே மாதிரி."

"எந்தப் பட்டு? எங்கிட்ட அரக்குல பட்டே கெடையாது."

"செரி, பொடவ இருக்கட்டும். கையாச்சும் கூப்பி நில்லுங்க."

அக்கா கத்திரிக்கோலோடுதான் வெளியே வந்திருந்தார். ஊரில் அதற்குள் இரண்டு வாடிக்கைக்காரிகள், 'கட்சியில சேந்துட்டியாமே' என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டும் போயிருந்தாள். அக்கா எம்.எல்.ஏ.வை நேராகப் பார்த்தார்.

"அய்யா, வாய்க்கா தோண்டனதுக்கு சந்தோஷம். அன்னிக்கு நான் கும்புட்டதே போதும். இப்ப கையில வேல கீது."

எம்.எல்.ஏ. சிரித்தார். 'அன்னிக்கு' என்ற சொல்லுக்கு அவரும் தலையாட்டியதை நான் கவனித்தேன். படம் எடுத்தார்கள்: தோண்டிய வாய்க்கால், வெயிலில் கண் சுருங்கிய ஒரு வயதான தலைவர், கழுத்தில் டேப்பும் கையில் கத்திரிக்கோலுமாக வேறெங்கோ பார்க்கிற ஒரு பெண். எனக்குத் தெரிந்து அந்த வருஷம் எங்கள் தெருவில் எடுக்கப்பட்ட ஒரே உண்மையான அரசியல் படம்.

குழுவில் வந்தது. முதல் பதில் கைலிக்காரருடையது: 'இது ஏ.ஐ. ஒரிஜினல்ல பின்னாடி மலை இருக்கும்.'

வரிசையாகக் கட்டைவிரல்கள்.

முசியே அதோடு காலை வணக்கங்களை நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் படம் நிற்கவில்லை. வரப்போகிற தேர்தலுக்கு அதை இன்னும் பெரிதாக்குவார்கள், அக்கா இன்னும் கும்பிடுவார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. அக்காவிடம் சொன்னபோது, "கும்புடட்டும். அவ வேற, நான் வேற. அவ பட்டு கட்னவ" என்றார்.

தீபாவளிக்கு முந்தின மத்தியானம் மழை பிடித்தது. இருட்டிக்கொண்டு, கடலே எழுந்து தெருவில் நடக்கிற மாதிரி. நான் குடையை மறந்துவிட்டுக் கோடிக்கு ஓடினேன். வாய்க்கால் முழுக்க வாய் திறந்து, இரைச்சலோடு, தண்ணீரை வாங்கி வாங்கி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ரவிக்கைகள் நனையாமல் ஆடின. அக்கா கடைசிக் கொக்கிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்துத் தரையைப் படம் பிடிக்கப் போனேன்.

"எதுக்கு தம்பி? போட்டா மட்டும் நம்பிடப் போறானுங்களா? செருப்ப வுட்டுட்டு உள்ள வந்து நின்னு பாரு."

உள்ளே போய் நின்றேன். தரை காய்ந்து குளிர்ந்திருந்தது. என் ஈரக் காலில் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக நூல்கள் வந்து ஒட்டிக்கொண்டன. வீடு வரைக்கும் மழையில் நடந்தும் இரண்டு மூன்று விழவில்லை.