மூணு ஸ்டாப் பார்த்தாள், மாமா இறங்கவில்லை

போன வெள்ளிக்கிழமை காலை, ஐம்பத்தெட்டு வயதில், ஒரு இளம்பெண்ணைப் பின்தொடர்ந்தவன் என்று ஓடும் பஸ்ஸில் பிடிபட்டேன்.

அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தப் பெண் என் தங்கை மகள். பின்னால் போகச் சொன்னது என் தங்கை. மாட்டிக்கொண்டது மட்டும்தான் நான் — வழக்கம்போல.

ஜெனிட்டாவுக்கு இருபது வயது. டவுன் சிண்ட்ரோம். எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுப்பாள். புரிந்துவிட்டதோ... அப்புறம் அதிலிருந்து அவளை ஒரு இஞ்ச் நகர்த்த முடியாது. இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவளைப் போன்றவர்களுக்காக இரண்டு வருஷப் படிப்பு ஒன்று நடக்கிறது. தனிக் கட்டடம், தனி மூலை எல்லாம் கிடையாது. பி.காம். பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்காருகிறாள், அதே கேன்டீனில் சாப்பிடுகிறாள். கடைசி பீரியடைக் கட் அடிப்பதையும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் கேள்வி.

இத்தனை நாளும் என் தங்கை ஸ்டெல்லா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கூடவே போய்வந்தாள். இப்போது 'தனிப் பயணம்' என்று ஒரு பாடம் வந்துவிட்டது. மூன்று நாள், துணையே இல்லாமல் பஸ்ஸில் வர வேண்டும். தினமும் ஒரு ஷீட் நிரப்ப வேண்டும். பஸ் போர்டைப் படித்தேனா? பாஸைக் காட்டினேனா? யாராவது உடன் வந்தார்களா? உதவி தேவைப்பட்டதா? யாராவது உடன் வந்தால் அந்த நாள் செல்லாது.

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று நாளும் முடிந்தால், திங்கள் முதல் கீழ வீதியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வேலைப் பயிற்சி. முடியாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். ஜெனிட்டாவோ ஒரு மாதமாக வீட்டு மேஜையில் பேனாக்களை நிறவாரியாக அடுக்கி, ஏற்கெனவே கடையைத் திறந்துவிட்டாள். ஸ்டெல்லா தன்னுடைய பேனாவை எடுப்பதற்கே "என்ன வேணும் மேடம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புதனும் வியாழனும் எந்தப் பிரச்சினையும் இல்லை. வியாழன் மாலை ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அண்ணே, ரெண்டு நாளும் ஜெபமாலைய கையில வெச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். நாளைக்கு ஒரு நாள் நீ பின்னாடி போயிட்டு வந்துடேன். அவளுக்குத் தெரியக் கூடாது."

"ரெண்டு நாளும் ஒழுங்காத்தான போனா?"

"அதான் பயமா இருக்கு."

பின்னாலிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார். "மச்சான், நீங்க பத்திரிகைல எழுதுறவரு. மாறுவேஷம்லாம் உங்களுக்குத் தன்னால வரும்!"

வந்தது. கறுப்பு மாஸ்க், கூலிங் கிளாஸ், என் மகனின் கிரிக்கெட் தொப்பி. கண்ணாடியில் பார்த்தேன். வீட்டு வாசலில் இப்படி ஒருவன் நின்றால் நானே போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் ஜெனிட்டா போர்டை விரல் வைத்துப் படித்தாள். கண்டக்டரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஏறினாள். மூன்றாவது சீட். நான் கடைசி சீட். நடுவில் வேலைக்குப் போகும் கூட்டம் என்னை அழகாக மறைத்தது.

சிப்காட் வந்தது. கூட்டம் மொத்தமாக இறங்கிவிட்டது! திரை விலகியது போல் ஆகிவிட்டது எனக்கு. அவள் திரும்பினாள். நான் குனிந்தேன். மறுபடி திரும்பினாள். மறுபடி குனிந்தேன். ஆலப்பாக்கம் பக்கம் ரோடு வேலை, ஒரே புழுதி. கைக்குட்டை, துப்பட்டா, புடவைத் தலைப்பு என்று ஆளாளுக்கு முகத்தை மூடிக்கொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது. புழுதி முடிந்ததும் எல்லோரும் முகத்தைத் திறந்தார்கள். மூடியபடி இருந்தது நான் ஒருவன்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் ஜெனிட்டா எழுந்தாள். நேராகக் கண்டக்டரிடம் போனாள். பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"சார், பின்னாடி தொப்பி போட்டிருக்காரே... பஸ் ஸ்டாண்ட்லேருந்து என்னையே பாக்குறாரு. நான் பாத்தா குனிஞ்சிக்கிறாரு."

மடியில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா முதலில் எழுந்தார். "வயசப் பாரு, வேஷத்தப் பாரு! கழட்டுயா அந்த மாஸ்க்க!"

கழற்றினேன். "அம்மா, நான் அவளோட தாய்மாமன்ம்மா!"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதான் சொல்லுவீங்க."

கண்டக்டர் ஜெனிட்டாவைக் கேட்டார். "ஏம்மா, இவரு உன் மாமாவா?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். என் உயிர் அந்தப் பார்வையில் தொங்கியது.

"ஆமா சார். சேவியர் மாமா."

"தெரிஞ்சவருதானா? அப்புறம் ஏம்மா கம்ப்ளெயின்ட் பண்ற?"

"தெரிஞ்சவுங்களா இருந்தாலும், சொல்லாம பின்னாடி வந்தா மூணு ஸ்டாப் பாக்கணும். அப்பவும் எறங்கலன்னா கண்டக்டர்ட்ட சொல்லணும். மிஸ் சொல்லிருக்காங்க. மூணு ஸ்டாப் பாத்தேன். அவரு எறங்கல."

"எப்படிடீ கண்டுபிடிச்ச?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்ட்லயே. உங்க செருப்பு."

முகத்தை மூடத் தெரிந்தவனுக்குக் காலை மூடத் தோன்றவில்லை. கண்டக்டர் என்னைத் தன் கண்பார்வையில், முன் சீட்டில் உட்காரவைத்தார்.

சோதனை அதோடு விட்டதா? பி.முட்லூரில் செக்கிங் ஏறினார்கள். டிக்கெட் கேட்டார்கள். சட்டைப்பை, பேன்ட்பை, பர்ஸ், தொப்பி... எங்கும் இல்லை. பூக்கூடை அம்மா 'நான் அப்பவே நெனச்சேன்' என்று முகத்தாலேயே சொன்னார்.

"மாமா, வாட்ச்ல பாருங்க."

வாட்ச் வாருக்குள் செருகியிருந்தேன். நான் செருகியதை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

கல்லூரியில் அவள் ஷீட்டை நிரப்பினாள். 'யாராவது உடன் வந்தார்களா?' — ஆம். பொய் அவளுக்கு வராது. 'உதவி தேவைப்பட்டதா?' — மாமாவுக்கு.

மிஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக அவள் அடுக்கிவைத்த பேனாக்கள்தான் கண்ணில் நின்றன. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் கடையை அவளிடமிருந்து பிடுங்கியது நானும் அவள் அம்மாவும்தான். அதை அப்படியே மிஸ்ஸிடம் சொன்னேன். கெஞ்சினேன்.

"ரூல் ரூல்தான் சார்," என்றார் மிஸ். "காலைல வந்தது செல்லாது. சாயந்திரம் தனியா திரும்பிப் போகட்டும், அத மூணாவது நாளா எடுத்துக்குறேன். ஆனா அவ ஏறுற பஸ்ல நீங்க ஏறக் கூடாது."

"சரி மிஸ்," என்றேன். ஸ்கூலில்கூட நான் இவ்வளவு பணிவாகச் சொன்னதில்லை.

சாயங்காலம் அவள் பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து டாட்டா காட்டவில்லை. என்னைத்தான் கண்காணித்தாள், ஏறிவிடுவேனோ என்று. அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் என் மகன் ஞாபகம் வந்தது. இன்ஜினீயர். இருபத்தாறு வயது. ஊருக்கு வர டிக்கெட் இன்றைக்கும் நான்தான் புக் செய்து தர வேண்டும். அவன் காலேஜ் போன நாலு வருஷமும் ஒருத்தரும் தொப்பி போட்டுக்கொண்டு பின்னால் போகவில்லையே... ஏன்?

யோசித்தபடியே தூங்கிப்போனேன். "பஸ் ஸ்டாண்ட் எறங்கு!" என்ற சத்தத்தில் அடித்துப்பிடித்து இறங்கினால், எதிரே ஜெனிட்டா. கையில் நிரப்பிய ஷீட். 'யாராவது உடன் வந்தார்களா?' — இல்லை.

"வீட்டுக்குப் போகாம இங்க என்னடீ பண்ற?"

"போயிட்டுதான் வரேன். அம்மா அனுப்புனாங்க. 'மாமா தனியா வராரு, போய் கூட்டிட்டு வா'ன்னு."

காலையில் அவள் பின்னால் என்னை அனுப்பிய அதே ஸ்டெல்லா! கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, கூலிங் கிளாஸ் இருந்தது.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போய்விட்டாள். எனக்கும் ஒரு ஷீட் கொடுத்திருந்தால், நான் இன்னும் முதல் நாளையே தாண்டியிருக்க மாட்டேன்.